அஸ்தம்பட்டியும் ஐம்பத்தாறு கண்ணியும்

சேலம் நகரின் வடக்கே, ஏற்காட்டு மலைக்குச் செல்லும் சாலை ஊரைவிட்டு விலகத் தொடங்கும் இடத்தில் அஸ்தம்பட்டி இருக்கிறது. நடுவே ஒரு ரவுண்டானா. அங்கிருந்து ஒரு சாலை கோரிமேடு வழியாக மலையடிவாரத்திற்கும், ஒன்று கன்னங்குறிச்சிக்கும், மற்றவை நகருக்குள்ளும் பிரிந்து செல்கின்றன. 1862-ஆம் ஆண்டில் தோன்றிய மத்திய சிறைச்சாலையின் நெடுமதிலும் இப்பகுதியில்தான் உள்ளது. சுற்றுலாக் கையேடுகளில் அஸ்தம்பட்டிக்கு இடம் கிடைப்பதில்லை. ஏற்காட்டிற்குச் செல்வோர் பேருந்தின் சன்னல் வழியே ஒரு கணம் கண்டு கடந்து போவர். நாங்களும் பன்முறை அவ்வாறு கடந்தவர்களே. ஆயினும் சென்ற சித்திரை, வைகாசியில் இருபத்தாறு நாள்கள் இங்கே தங்கும்படி ஆயிற்று.

நாங்கள் என்று குறிப்பிடுவது உடன்பிறந்த சகோதரியர் இருவரை. இருவரும் அறுபதைக் கடந்தவர்கள். திருச்சியில் அடுத்தடுத்த தெருக்களில் வாழ்பவர்கள். மூத்தவரின் மகள் அஸ்தம்பட்டியில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். ஏழாம் மாதம் முடிந்து தாய்வீடு வரவேண்டியவளுக்கு இரத்த அழுத்தம் கூடியதால் பயணம் கூடாதென்று மருத்துவர் கூறிவிட்டார். முப்பத்து மூன்றாம் வாரத்திலேயே குழந்தை பிறந்துவிட்டது. ஆண் குழந்தை, எடை 1,650 கிராம். செய்தி கேட்டவுடன் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு இரயில் ஏறினோம். 2013-இல் திறக்கப்பட்ட கரூர்-சேலம் பாதை இப்பொழுது எவ்வளவோ உதவியாக இருக்கிறது. மோகனூருக்கு அருகே காவிரியைக் கடந்து, நாமக்கல், இராசிபுரம் வழியாகச் சேலம் சந்திப்பில் வந்து இறங்கினோம்.

கையில் அகப்பட்டவற்றுள் உல்லன் பையும் ஒன்று. சித்திரை வெயிலில், அதுவும் சேலத்து வெயிலில், உல்லனும் ஊசியுமா என்று வாசகர்கள் நகைக்கக்கூடும். மருமகன் நகைக்கவே செய்தார். நாங்கள் இருவரும் சிறுமியராய் மடத்துப் பள்ளியில் பயின்ற காலத்தில், தையல் வகுப்பில் ஓர் அருட்சகோதரி கற்றுத்தந்த கலை அது. தென்தமிழகத்தில் பல தலைமுறைப் பெண்களுக்கு இத்தகைய கைவேலைகள் இவ்வழியில்தான் கிட்டின. 1821-இல் நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் அம்மையார் தொடங்கிய லேஸ் வேலையும், 1897-இல் பெல்ஜியத்திலிருந்து முளகுமூட்டிற்கு வந்த அன்னை மரி லூயிஸ் தெ மீஸ்டரின் சகோதரியர் ஆதரவற்ற சிறுமியர்க்குக் கற்பித்த ஊசிவேலையும் பலரும் அறிந்தவை. எங்களுக்குக் கிடைத்தது அந்தப் பெருமரத்தின் ஒரு சிறு கிளை.

பின்னல் என்பது குளிர்நாட்டாரின் கலை என்று நாம் எண்ணுகிறோம். உண்மை சற்று வேறு. இன்று அருங்காட்சியகங்களில் எஞ்சியுள்ள மிகப் பழைய பின்னற் காலுறைகள் எகிப்து நாட்டில், 11 முதல் 14-ஆம் நூற்றாண்டு வரையிலான காலத்தில் செய்யப்பட்டவை. அவை கம்பளியால் ஆனவையல்ல. வெள்ளையும் நீலமுமான பருத்தி நூலால் ஆனவை. வெப்பநாட்டில், பருத்தியில் வளர்ந்த கலையைப் பார்த்துச் சேலத்து வெயிலில் நகைப்பதற்கு ஒன்றுமில்லை. நம் ஆடவர் நாள்தோறும் அணியும் திருப்பூர்ப் பனியனும் பின்னல்தானே! இதனை மருமகனிடம் சொன்னோம். அவர் தம் சட்டைக் கழுத்தை விலக்கிப் பனியனை ஒருமுறை உற்றுப் பார்த்துக்கொண்டார்.

பையில் இருந்தவை இரண்டு. ஒன்று, அந்த மருமகனுக்கென்றே இரண்டாண்டுகளுக்கு முன் மூத்தவர் தொடங்கிய ஸ்வெட்டர். முதுகும் முன்புறமும் ஒரு கையும் முடிந்து, மற்றொரு கை பிறக்காமல் கிடந்தது. மற்றொன்று, பிறக்கப்போகும் குழந்தைக்கென்று தொடங்கிய போர்வை. ஓரம் முழுவதும் இலைப்பின்னல். இலைப்பின்னல் பார்வைக்கு அழகானது. ஆனால் ஒவ்வொரு வரியிலும் எங்கே நூலைச் சுற்றுவது, எங்கே இரண்டு கண்ணிகளை ஒன்றாய்ச் சேர்ப்பது என்று எண்ணிக்கொண்டே போகவேண்டும். எண்ணிக்கை ஒன்று தவறினால் இலை கோணிவிடும். ஊசியில் நிற்கும் ஒவ்வொரு வளையத்தையும் கண்ணி என்றே நாங்கள் சொல்லிப் பழகியிருக்கிறோம். இக்கட்டுரையிலும் அவ்வாறே எழுதுகிறோம்.

குழந்தை பச்சிளங்குழந்தைகள் பிரிவில் இருந்தது. தாய்க்கு மட்டுமே உள்ளே அனுமதி. மூன்று மணிக்கொரு முறை அவள் சென்று பாலெடுத்துக் கொடுத்து வருவாள். நாங்கள் வெளியே பெஞ்சில் அமர்ந்திருப்போம். மருத்துவமனை பெஞ்சில் அமர்ந்தவர்கள் அறிவார்கள்: அது ஓய்வுமன்று, வேலையுமன்று. செய்வதற்கு ஒன்றுமில்லை, எழுந்து போகவும் இயலாது. அந்நேரத்தில் கை சும்மா இருந்தால் மனம் இல்லாத பள்ளங்களையெல்லாம் தோண்டும். ஆகவே மூத்தவர் போர்வையை எடுத்தார். ஐந்து நாள்களில் ஒரு சாண் வளர்ந்தது. அவ்வளவு வேகமாய் அவர் பின்னி நாங்கள் கண்டதில்லை.

ஆறாம் நாள் பிற்பகல். மகள் உள்ளிருந்து வந்து அருகே அமர்ந்து, "அம்மா" என்றாள்.

"பொறும்மா, எண்ணிக்கொண்டிருக்கிறேன்" என்றார் மூத்தவர்.

வரியில் இன்னும் முப்பது கண்ணிகள் இருந்திருக்கலாம். இரண்டு நிமிட வேலை. வரி முடிந்து தலை நிமிர்ந்தபோது, "என்னம்மா?" என்று கேட்டார். "ஒன்றுமில்லை" என்று சொல்லிவிட்டு அவள் எழுந்து முகம் கழுவச் சென்றாள். இளையவர் அருகிலேயே இருந்தும் கவனிக்கவில்லை. அவர் கையில் கைப்பேசி இருந்தது. ஆகையால் அவரும் தம்மை மேலாகச் சொல்லிக்கொள்வதற்கில்லை.

இரவில் மருமகன் வாயிலாகவே செய்தி தெரிந்தது. அன்று பிற்பகல் அவள் கண்முன்னே குழந்தை சில விநாடிகள் மூச்செடுக்க மறந்துவிட்டது. செவிலியர் ஒருவர் ஓடிவந்து அதன் உள்ளங்காலை நிமிண்டினார், மூச்சு திரும்பிற்று. குறைமாதக் குழந்தைகளிடம் இது அடிக்கடி நேர்வதே என்றும், மூளையில் மூச்சை நடத்தும் பகுதி இன்னும் முதிராததே காரணம் என்றும், நாளாக ஆக நின்றுவிடும் என்றும் மருத்துவர் விளக்கினார். எங்களுக்கு இப்போது அது தெரியும். அந்தப் பிற்பகலில் அவளுக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் அவள் வந்திருந்தாள்.

மூத்தவர் அன்றிரவு ஒன்றும் பேசவில்லை. போர்வையை எடுத்தார், ஊசியை உருவினார், நூலைப் பிடித்து இழுத்தார். ஐந்து நாள் இலைகளும் சரசரவென்று அவிழ்ந்து மடியில் குவிந்தன. இளையவர் தடுக்கப் போனார். அருகே அமர்ந்திருந்த சம்பந்தி அம்மாள், "விடுங்க, பிரிக்கட்டும்" என்றார்.

இந்தச் சம்பந்தி அம்மாளைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். பிறந்தது செவ்வாய்ப்பேட்டை. சேலத்து வெள்ளிக் கொலுசு புகழ் வாய்ந்ததன்றோ? அக்கொலுசின் வேலையிற் பெரும்பகுதி பட்டறையில் மட்டும் நடப்பதன்று. வீட்டுத் திண்ணைகளில், அடுப்பங்கரை ஓரங்களில், பெண்களின் கைகளில் நடப்பது. அவரும் பதின்மூன்று வயதில் வெள்ளிக் கண்ணி கோக்கத் தொடங்கியவர். மூன்று பிள்ளைகளைப் பெற்று வளர்த்ததும் அவ்வேலையோடுதான். மறுநாள் காலையில் காப்பியை ஆற்றிக்கொண்டே அவர் சொன்னார்: "கொலுசு கோக்கறப்ப பிள்ளை அழுதா, தட்டை அப்படியே வச்சுட்டு எந்திரிப்பமுங்க. திரும்பி வந்து பார்த்தா கோத்தது கோத்தபடி இருக்கும். எண்ணுற வேலையை மட்டும் வாங்க மாட்டேன். அது பட்டறைக்காரனுக்கு ஆவும், வீட்டுக்காரிக்கு ஆவாது."

ஆசிரியப் பயிற்சி பெற்ற எங்கள் மூத்தவருக்கு நாற்பது ஆண்டுகளாய்த் தோன்றாத ஒரு பாகுபாடு இது. பின்னுவோரிடையே எளிய வேலை, கடின வேலை என்ற பிரிவு உண்டு. பெரிய வேலை, சிறிய வேலை என்ற பிரிவும் உண்டு. கூப்பிட்ட குரலுக்குக் கீழே வைக்கக்கூடிய வேலை, வைக்கக்கூடாத வேலை என்று பிரித்துப் பார்க்க எங்களுக்கு யாரும் கற்றுத்தரவில்லை.

அந்தப் பிரிவு புதியதும் அன்று. ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஷெட்லாந்துத் தீவுகளில் பெண்கள் முதுகில் விறகுக்குப் பதிலான கரிமண்ணைக் கூடையில் சுமந்தபடியே, நடந்துகொண்டே பின்னினர். இடுப்பில் ஒரு தோல் பட்டை. அதிலுள்ள துளையில் ஓர் ஊசியைச் செருகிக்கொள்வர். பிரான்சு நாட்டின் லாந்து என்னும் சதுப்புநிலப் பகுதியில் ஆடு மேய்ப்போர் உயரமான பொய்க்கால்களில் நின்றபடி, மந்தையின்மேல் கண் வைத்துக்கொண்டு காலுறை பின்னினர். பெரு நாட்டில், டிட்டிகாக்கா ஏரியிலுள்ள தக்கீலே தீவில் இன்றும் தொப்பி பின்னுவது ஆடவரின் தொழில்; சிறுவர்கள் பள்ளிப் பருவத்திலேயே பழகிவிடுகின்றனர். அவரவர் கைக்கு வேலை இருந்தது. கண்ணும் காதும் மந்தைக்கும் மக்களுக்கும் ஒழிந்திருந்தன.

நம் பக்கத்திலும் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. பழைய சேலம் மாவட்டத்தில், திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் 1925-இல் இராஜாஜி காந்தி ஆசிரமத்தைத் தொடங்கினார். மழை பொய்த்த அக்காலத்தில் உழவுவேலை இல்லாத பெண்கள் இராட்டையில் நூற்று ஆசிரமத்தில் நூலைக் கொடுத்துக் கூலி பெற்றுச் சென்றனர். இராட்டையைச் சுற்றும் கை எந்த நேரத்திலும் நிற்கலாம். இழை அறுந்தால் ஒட்டிக்கொள்ளலாம். நாட்டு விடுதலைக்கு ஏற்ற வேலையாக அது கருதப்பட்டதற்கு எத்தனையோ காரணங்கள் கூறப்படுகின்றன. ஏழைத்தாய் ஒருத்தி தொட்டிலை ஆட்டிக்கொண்டே செய்யக்கூடிய வேலை என்பதும் அவற்றுள் ஒன்றாயிருக்கவேண்டும் என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

எட்டாம் நாள் செவிலியர் எங்களை அழைத்து, "தொப்பி வைத்திருக்கிறீர்களா?" என்று கேட்டார். குழந்தையைத் தாயின் மார்போடு தோலும் தோலும் படும்படி அணைத்துக் கட்டிவைக்கப் போவதாகக் கூறினார். கங்காருப் பராமரிப்பு என்பது அதன் பெயர். 1978-இல் கொலம்பிய நாட்டின் பொகோட்டா நகரில், இன்குபேட்டர்கள் போதாத நிலையில், எட்கார் ரேய் என்னும் மருத்துவர் தொடங்கிய முறை இது. இன்று உலக நலவாழ்வு அமைப்பே குறைமாதக் குழந்தைகளுக்கும் எடைகுறைந்த குழந்தைகளுக்கும் இதனைப் பரிந்துரைக்கிறது. தாயின் உடல்வெப்பமே குழந்தைக்கு வெப்பம். ஆனால் உடலோடு ஒப்பிட்டால் பச்சிளங்குழந்தையின் தலை பெரியது; வெப்பம் அவ்வழியே கசிந்துவிடும். வெளியே சேலத்து வெயில் கொளுத்தினாலும் 1,650 கிராம் உடலுக்குத் தொப்பி வேண்டும்.

கடையில் வாங்கிய தொப்பி மூக்குவரை இறங்கிவிட்டது. அவை நிறைமாதக் குழந்தைகளுக்கென்று செய்தவை. இளையவர் சின்னக்கடை வீதிப் பக்கம் சென்று தையற்சாமான் கடையொன்றில் மெல்லிய பருத்தி நூல் இரண்டு உருண்டை வாங்கி வந்தார். எட்டாம் நம்பர் ஊசி இரண்டு. (நம் கடைகளில் வழங்கும் பழைய கணக்கில் எண் ஏற ஏற ஊசி மெலியும், எட்டு என்பது 4 மில்லிமீட்டர்.) முதல் தொப்பியை 72 கண்ணியில் தொடங்கினோம். அதுவும் பெரிதாயிற்று. செவிலியரிடம் கேட்டுத் தலையின் சுற்றளவை அறிந்தோம்: 30 சென்டிமீட்டர். இரண்டாவதை 56 கண்ணியில் தொடங்கினோம். இரண்டு நேர்க்கண்ணி, இரண்டு புரட்டுக்கண்ணி என்று மாறி மாறி வரும் வரிப்பின்னல். அது இழுத்தால் விரியும், விட்டால் சுருங்கும். எண்ணவே வேண்டாம், எது நேர், எது புரட்டு என்று கீழ்வரியே கண்ணுக்குச் சொல்லிவிடும். ஏறத்தாழ 40 வரிகள். பிறகு கண்ணிகளையெல்லாம் நூலில் கோத்து இழுத்து முடிந்து, பின்பக்கம் மெல்லத் தைத்தால் ஆயிற்று. குஞ்சம் வேண்டாம், கட்டுக் கயிறும் வேண்டாம். துவைத்து, வெந்நீரில் அலசி, வெயிலில் உலர்த்திக் கொடுத்தோம். சேலத்து வெயிலுக்கு அன்றுதான் நன்றி சொன்னோம்.

ஒரு வரிக்கு மூன்று நிமிடம் என்று கொண்டால் ஒரு தொப்பி இரண்டு மணி நேர வேலை. ஆனால் அந்த இரண்டு மணி நேரம் சேர்ந்தாற்போல் ஒருநாளும் கிடைக்கவில்லை. குக்கர் மூன்றாவது கூவலுக்குக் காத்திருக்கும் போது இரண்டு வரி. குழாயில் தண்ணீர் வரும் நாளில் குடம் நிரம்பும் வரை ஒரு வரி. மருத்துவமனை பெஞ்சில் ஆறு வரி. மருமகன் ரவுண்டானாவில் போக்குவரத்தில் சிக்கிக்கொண்டு வாசலில் எங்களை நிறுத்திவைத்த ஒருநாள் ஐந்து வரி. இளையவர் வேலையை ஒரு துணிப்பையில் போட்டுக் கதவருகே ஆணியில் மாட்டிவைத்தார். ஊசி முனைகளில் ரப்பர் வளையம் சுற்றிவிட்டால் வரியின் நடுவில் நிறுத்தினாலும் கண்ணி நழுவாது. வரியை முடித்துவிட்டுத்தான் வைக்கவேண்டும் என்பது மடத்துப் பள்ளியின் சட்டம். அச்சட்டத்தை அஸ்தம்பட்டியில் துணிந்து மீறினோம்.

செபமாலை நேரத்தில் மட்டும் சம்பந்தி அம்மாள் ஒப்பவில்லை. முதல் நாள் இளையவர் ஒரு கையில் மணியையும் மடியில் பின்னலையும் வைத்துக்கொண்டு இரண்டையும் நடத்த முயன்றார். நான்காம் தேவ இரகசியத்தில் மணி பதினொன்று ஆயிற்று. தொப்பியில் இரண்டு கண்ணி காணாமற்போயிற்று. "மணி உருட்டுற விரலுக்கு வேற வேலை எதுக்குங்க?" என்றார் சம்பந்தி. அன்றுமுதல் பை ஆணியிலேயே தொங்கிற்று.

சிறைச்சாலைப் பக்கமுள்ள பேருந்து நிறுத்தத்தில் ஒருநாள் எங்களோடு ஓர் அம்மையார் அமர்ந்திருந்தார். வெளியூர்க்காரர்; மடியில் கனகாம்பரமும் வாழைநாரும். மிக வேகமாய்த் தொடுத்துக்கொண்டிருந்தார். விற்பதற்கா என்று கேட்டோம். இல்லை, மனு போட்டிருப்பதாகவும் அழைக்கும் வரை நேரம் போகவேண்டுமே என்றும் கூறினார். யாரைக் காண வந்தார் என்று நாங்கள் கேட்கவில்லை. அவரும் எங்கள் தொப்பி யாருக்கென்று கேட்கவில்லை. அதன் அளவைப் பார்த்தார். பிறகு தொடுத்ததில் ஒரு முழம் கிள்ளி எங்கள் பையின்மேல் வைத்தார். பேருந்து வந்துவிட்டது.

மூன்றாம் ஞாயிறன்று நான்கு ரோட்டிலுள்ள குழந்தை இயேசு பேராலயத்தில் திருப்பலி கண்டோம். சேலம் மறைமாவட்டம் 1930-இல் தோன்றியது. பேராலயத்தின் பெயரே அன்று எங்களுக்குப் போதுமானதாயிருந்தது. அங்கே அமர்ந்திருக்கையில் மூத்தவருக்கு எப்போதோ ஒரு நூலில் கண்ட படம் நினைவுக்கு வந்ததாம். 1400-ஆம் ஆண்டையொட்டி செருமானிய ஓவியர் மாஸ்டர் பெர்ட்ராமின் கூடத்தில், புக்ஸ்டேஹூட என்னும் ஊரின் கன்னியர் மடத்துப் பீடத்திற்காகத் தீட்டப்பட்டு, இப்போது ஹாம்பர்க் நகர ஓவியக்கூடத்தில் இருப்பது. மரியன்னை பல ஊசிகளை வட்டமாகப் பிடித்துக் குழந்தையின் சட்டையைத் தையலின்றிப் பின்னிக்கொண்டிருக்கிறார். அருகே இரு வானதூதர்கள் நிற்கின்றனர். அவர்கள் கையில் சிலுவை. குழந்தை தரையில் புத்தகத்தோடு கிடக்கிறது. சிலுவையடியில் சேவகர்கள் சீட்டுப்போட்ட தையலில்லா அங்கியை ஓவியர் நினைத்திருக்கவேண்டும். "அந்தச் சட்டைக்கும் கழுத்து அளவு எடுத்திருப்பாள் அல்லவா?" என்றார் மூத்தவர். வேறொன்றும் சொல்லவில்லை.

குழந்தையின் எடை கூடிவந்தது. மூச்சு மறப்பதும் நின்றது. எல்லாரும் சற்று நிமிர்ந்து நின்றோம். அந்த வாரத்தில் ஒருநாள், மகளே வற்புறுத்தியதால், மருமகன் எங்களை ஏற்காட்டிற்கு அழைத்துச் சென்றார். கோரிமேடு கடந்து அடிவாரத்திலிருந்து இருபது கொண்டையூசி வளைவுகள். வளைவுக்கு வளைவு வெயில் ஒரு மடிப்பு கழன்றது. மேலே, சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், மிளகுக்கொடி ஏறிய மரங்களும் காப்பித் தோட்டங்களும். 1820-களில் சேலம் ஆட்சியராயிருந்த காக்பர்ன் துரை கொண்டுவந்து நட்ட காப்பியின் வழித்தோன்றல்கள் அவை. மாலையில் திடீரென்று மூடுபனி இறங்கிற்று. மருமகன் கைகளைக் கட்டிக்கொண்டு, "அத்தை, எனக்கென்று ஒரு ஸ்வெட்டர் இருந்ததே, எங்கே?" என்றார். பையைத் திறந்து காட்டினோம். ஒரு கை மட்டுமுள்ள அந்த ஸ்வெட்டரை அப்படியே போட்டுக்கொண்டு ஏரிக்கரையில் நடந்தார். கண்டவர்கள் நகைத்தனர்; அவர் பொருட்படுத்தவில்லை. பெரிய வேலைகள்மீது எங்களுக்குப் பகையில்லை. அவை வேறொரு காலத்திற்கு உரியவை. அக்காலம் வரும்போது மறுகை பிறக்கும்.

இருபத்தைந்தாம் நாள் குழந்தை வீட்டிற்கு வந்தது. எடை 2,050 கிராம். அதற்குள் ஏழு தொப்பிகள் ஆகியிருந்தன. நான்கு நம் குழந்தைக்கு. மூன்று அதே பிரிவிலிருந்த மற்றக் குழந்தைகளுக்கு. அவற்றில் ஒன்றைச் சம்பந்தி அம்மாள் பின்னினார். ஊசி பிடிக்க அரைமணி நேரத்தில் கற்றுக்கொண்டார். வெள்ளிக் கண்ணி கோத்த விரல்களுக்கு நூற்கண்ணி ஒரு பொருட்டா? திருச்சியில் அம்மாச்சி என்று அழைக்கப்படுவோர் இங்கே அம்மாயி ஆகிவிடுவர் என்று சொல்லி, எங்கள் இருவரையும் பெரிய அம்மாயி, சின்ன அம்மாயி என்று குழந்தையின் காதில் அறிமுகமும் செய்துவைத்தார்.

மறுநாள் சேலம் சந்திப்பில் வண்டிக்குக் காத்திருந்தோம். இளையவர் பையைத் திறந்து எட்டாவது தொப்பியை எடுத்தார். 56 கண்ணி; பன்னிரண்டு வரி ஆகியிருந்தது. பதின்மூன்றாம் வரியின் நடுவில் மூத்தவர், "உனக்கு ஒன்று தெரியுமா? இவள் பிறப்பதற்கு முன்னால் எனக்கு ஒன்று..." என்று தொடங்கினார்.

இளையவர் ஊசியின் முனைகளில் ரப்பர் வளையத்தைச் சுற்றிப் பையில் வைத்தார். வண்டி வந்து, ஏறி, இராசிபுரமும் நாமக்கல்லும் கடந்தன. மூத்தவர் பேசிக்கொண்டே வந்தார். நாற்பது ஆண்டுகளில் ஒருமுறையும் சொல்லாதவை. தொப்பி திருச்சி வரை பதின்மூன்றாம் வரியின் நடுவிலேயே இருந்தது.